பறவைக்கு முன் குத்துளியைப் பாருங்கள்: போலந்தின் முதல் வெள்ளிக் காசுகள்

போலந்தின் 10 ஸ்வோட்டி நோட்டின் முன்பக்கத்தில் 10ஆம் நூற்றாண்டு ஆட்சியாளர் முதலாம் மியெஷ்கோவின் முகம் இருக்கிறது. பின்பக்கத்தில் டெனார் எனப்படும் ஒரு சிறு வெள்ளிக் காசு. 1995 ஜனவரியில் இந்த வரிசை நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தபோது, அந்தக் காசு அவர் அடித்தது என்பதே பொதுவான கருத்து. இன்று நாணயவியலார் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. அது அவருடைய பேரன் இரண்டாம் மியெஷ்கோவின் (1025–1034) காசு என்கிறார்கள். இந்தக் கருத்தை நிலைநாட்டியவர் போலந்து நாணயவியலார் ஸ்தானிஸ்வாவ் சுஹொதோல்ஸ்கி. இதன்படி 992இல் இறந்த தாத்தா காசே அடிக்கவில்லை. போலந்தில் நாணயம் தொடங்கியது அவருடைய மகன் போலெஸ்வாவ் ஹ்ரோப்ரியின் (992–1025) காலத்தில்தான்.

காசைச் சுற்றி "மிசிகோ" என்ற பெயர் மட்டுமே இருக்கிறது. எத்தனையாவது மியெஷ்கோ, எந்த ஆண்டு என்று அது சொல்வதில்லை. ஒரு பக்கம் சிலுவை. மறுபக்கத்து உருவத்தை ஒருவர் சிற்றாலயம் என்பார், இன்னொருவர் கிரீடம் என்பார். படத்தை மட்டும் வைத்து வாதாடினால் இரண்டு பக்கமும் நூறு வருடம் பேசலாம். முடிவைத் தந்தவை புதையல்கள். 10ஆம் நூற்றாண்டில் மண்ணுக்குள் போன குவியல்களில் இந்தக் காசு இல்லை. 11ஆம் நூற்றாண்டுக் குவியல்களில்தான் வருகிறது. ஒரு புதையல் எப்போது மூடப்பட்டது என்பதை அதிலுள்ள ஆகப் புதிய காசு சொல்லும். அயல்நாட்டுக் காசுகளின் காலம் நன்றாகத் தெரிந்திருப்பதால் இந்தக் கணக்கு உறுதியாக நிற்கிறது.

இந்த மன்னர்களின் பியாஸ்ட் அரச குலத்தின் காசுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சின்னங்களின் பொருளில்தான் தொடங்குகிறார்கள். சிலுவை என்றால் இது, பறவை என்றால் அது. எனக்கு அது தலைகீழான வழியாகப் படுகிறது. உலோகம் எங்கிருந்து வந்தது, காசாக அடிக்கப்படும் வெற்றுத் தகடான வில்லை எப்படி வெட்டப்பட்டது, அச்சு எந்தக் கருவியால் உருவானது என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால், பல சின்னச் சண்டைகள் தாமாகவே சுருங்கிவிடும்.

எடைக்கு வெள்ளி

முதல் காசு வருவதற்கு முன்பே போலந்து நிலத்தில் வெள்ளி நிறைய இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவின் சாமானிய அரசில் அடித்த திர்ஹம் என்ற வெள்ளிக் காசுகள் வணிகர் வழியாக வந்து குவிந்தன. அந்த வரத்து குறைந்தபோது சாக்சனி, பவேரியா, இங்கிலாந்து ஆகிய இடங்களின் காசுகள் வந்தன. ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் ராம்மெல்ஸ்பெர்க் சுரங்கத்து வெள்ளி இதில் முக்கியப் பங்கு வகித்தது. யாரும் காசை எண்ணவில்லை, தராசில் வைத்தார்கள். எடை நிரவ வேண்டுமானால் திர்ஹமை வெட்டினார்கள், வளையலை நறுக்கினார்கள், காதணியை மடித்தார்கள். புதையல்களில் கிடைக்கும் காசுகளின் பரப்பில் சிறு கத்திக் கொத்துகள் தெரிந்தால் அது சேதமல்ல. உள்ளே வெள்ளியா, மேலே மட்டும் வெள்ளி பூசிய செம்பா என்று பார்த்த சோதனை அது. ஒரே காசில் பல கொத்துகள் இருந்தால், அது பல கைகள் மாறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தச் சூழலில் போலெஸ்வாவ் ஹ்ரோப்ரி அடித்தவை மிகக் குறைவு. அவற்றின் எடை பெரும்பாலும் 1 முதல் 2 கிராம், விட்டம் ஏறத்தாழ 2 செ.மீ. நாட்டின் வெள்ளிப் புழக்கத்தோடு ஒப்பிட்டால் இது கடலில் கரைத்த பெருங்காயம். சந்தைக்காக அடிக்கப்பட்டதாக இதை நினைப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. "நானும் காசு அடிக்கிற அரசன்" என்று ஜெர்மானியப் பேரரசருக்கும் அண்டை நாட்டுப் பிரபுக்களுக்கும் சொன்ன செய்தி இது.

சந்தையில் உண்மையில் ஓடியவை சிலுவை டெனார்கள். இரண்டு பக்கமும் சிலுவையோ, ஒரு பக்கம் சிற்றாலயமோ இருக்கும். சுற்றிலும் எழுத்து மாதிரி தோன்றும் கோடுகள், பெரும்பாலும் பொருளற்றவை. விளிம்பு தடித்து உயர்ந்து நிற்கும். விரலால் தடவினாலே இனம் தெரிந்துவிடும். சாக்சனியில் தொடங்கிய வகை இது. 11ஆம் நூற்றாண்டில் இவை போலந்துப் புதையல்களை நிரப்பின. காலிஷ் நகருக்கு அருகே ஸ்வுஷ்கூவ் என்ற ஊரில் 1935இல் கிடைத்த பானையில் 13,000க்கு மேற்பட்ட காசுகள், பெரும்பகுதி சிலுவை டெனார்கள். அதே ஊரில் 2020இல் இன்னொரு பானை கிடைத்தது: சுமார் 6,500 காசுகளும் சில தங்க மோதிரங்களும். பெயரில்லாத இந்தக் காசுகளை அழகில்லை என்று ஒதுக்குவது பெரிய தவறு. அந்தக் காலத்தின் பொருளாதாரத்தை அறிய, மன்னன் பெயர் பொறித்த அபூர்வக் காசுகளைவிட இவையே அதிகம் உதவுகின்றன.

வில்லையிலிருந்து காசு வரை

வேலை புடத்தில் தொடங்குகிறது. கலப்பு வெள்ளியோடு ஈயத்தைச் சேர்த்து, எலும்புச் சாம்பல் பூசிய கிண்ணத்தில் உருக்கித் துருத்தியால் காற்று ஊதுவார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து கசடாகும். செம்பையும் இழுத்துக்கொண்டு சாம்பலுக்குள் உறிஞ்சப்படும். கிண்ணத்தில் மிஞ்சுவது வெள்ளி. தங்கம் கலந்திருந்தால் அதுவும் பிரியாமல் தங்கும். புடம் சீக்கிரம் நிறுத்தப்பட்டால் வெள்ளியில் ஈயம் எஞ்சிவிடும். அது அன்றைக்குத் தொந்தரவு தராது. ஆயிரம் ஆண்டு கழித்துக் காசைக் கண்ணாடிபோல் நொறுங்க வைக்கும்.

அடுத்து வெள்ளியைக் கட்டியாக வார்த்து, அடைகல்லில் தகடாகத் தட்டுவார்கள். தட்டத் தட்ட வெள்ளி விறைக்கும். அப்போது அதை மங்கிய சிவப்பு வரும்வரை, சுமார் 600 முதல் 700 டிகிரி செல்சியஸ்வரை, காய்ச்சி மீண்டும் இளக்க வேண்டும். அவசரத்தில் ஒரு காய்ச்சலைத் தவிர்த்தாலும் அடிக்கும்போது விளிம்பு பிளக்கும். இந்தக் காசுகளில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடும் வெடிப்புகள் பெரும்பாலும் அக்கசாலையின் (காசடிக்கும் பட்டறையின்) காய்ச்சல் குறைவால் வந்தவை.

தகட்டைக் கத்தரியால் வெட்டி வட்டமாக்குவார்கள். இங்கே எடைக் கணக்கு முக்கியம். அலகு கிர்ஷிவ்னா என்ற நிறை. அதில் 4 வியார்துனெக், 24 ஸ்கோயெட்ஸ், 240 டெனார். ஒரு நிறை வெள்ளியில் இத்தனை காசு என்று மொத்தமாகத்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு காசையும் தனித்தனியாக நிறுத்துச் சரிசெய்யவில்லை. ஆகவே ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் எடையில் நன்றாக வேறுபடும். கனமானவற்றைப் பொறுக்கி உருக்குகிறவர்களும் இருந்தார்கள். ஒற்றைக் காசின் எடையை வைத்து "இது எடை குறைக்கப்பட்ட வெளியீடு" என்று முடிவு கட்டுவது சரியல்ல. பத்துப் பதினைந்தாவது வேண்டும்.

வெட்டிய வில்லைகளை உப்பும் புளிப்புமான கரைசலில் போட்டு வெளுக்க வைப்பார்கள். மேல்பரப்பிலிருக்கும் செம்பு கரைந்துபோகும். வெளித்தோல் உள்ளிருப்பதைவிட வெண்மையாகும். மேல்பரப்பை மட்டும் எக்ஸ்ரே கருவியில் காட்டி வெள்ளியின் தூய்மையை (மாற்று) அளந்தால், உண்மையைவிட உயர்ந்த எண் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடிப்பதற்கு இரண்டு அச்சுகள். கீழ் அச்சின் வால் கூராக இருக்கும். அதை மரக்கட்டையில் இறக்கி நிறுத்துவார்கள். மேல் அச்சைக் கையில் பிடித்து, நடுவில் வில்லையை வைத்து, சுத்தியலால் ஓங்கி ஒன்றோ இரண்டோ அடி. இரண்டாம் அடிக்கு முன் அச்சு சற்றுத் திரும்பினால் எழுத்துகள் இரட்டையாக விழும். அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்தால், அந்த வில்லையின் ஒரு பக்கத்தில் முன்காசின் குழிந்த பிம்பம் பதியும். சுத்தியலின் வேகத்தை நேராக வாங்குவது மேல் அச்சு. அதுதான் முதலில் வெடிக்கும், முதலில் மாற்றப்படும். இதனால் ஒரு கீழ் அச்சுக்குப் பல மேல் அச்சுகள் துணையாக வருகின்றன. ஆய்வாளர்கள் இந்த ஜோடிகளைக் கோத்து எந்தக் காசு முன், எது பின் என்று வரிசைப்படுத்துகிறார்கள். அச்சில் தோன்றிய ஒரு சிறு வெடிப்பு அடுத்தடுத்த காசுகளில் வளர்வதைப் பார்க்க முடிந்தால் அதைவிட உறுதியான சான்று வேறில்லை.

இன்னொரு பிழை, படம் படிக்கிறவர்களை அடிக்கடி ஏமாற்றுவது. இரண்டு அச்சிலும் ஒரே இடத்தில் ஆழமான குழி இருந்தால், அந்த இரண்டையும் நிரப்ப வில்லையில் வெள்ளி போதாது. இரு பக்கமும் அந்த இடம் வழவழவென்று வெற்றாக நிற்கும். தேய்ந்த காசு என்று பலர் விலை குறைப்பார்கள். பக்கத்திலிருக்கும் நுண்ணிய புள்ளிகள் கூர்மையாக இருந்தால் அது தேய்வல்ல, வெள்ளி எட்டாத இடம்.

அந்தப் பறவை

இப்போது ஹ்ரோப்ரியின் புகழ்பெற்ற காசுக்கு வரலாம். ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் சிலுவை. சுற்றிலும் "ப்ரின்செஸ் பொலோனியே". "ப்ரின்செப்ஸ்" என்பதில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. போலந்து என்ற நாட்டுப் பெயரைத் தாங்கிய ஆகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. பேரரசர் மூன்றாம் ஒட்டோ 1000ஆம் ஆண்டில் க்னியெஸ்னோ வந்து புனித வொய்சியெக்கின் கல்லறையை வணங்கிய நிகழ்வை ஒட்டிய காலத்தில் வைக்கப்படுவது. அதே மன்னரின் வேறொரு காசில் "க்னெஸ்துன் சிவிதாஸ்" என்று க்னியெஸ்னோ நகரின் பெயரே வருகிறது.

அந்தப் பறவை கழுகா, மயிலா, சேவலா, புறாவா, நாரையினமா? எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. அச்சு எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். முதலில் கவராயத்தின் ஒரு காலை அச்சின் நடுவே ஊன்றி வட்டங்கள் கீறப்படும்; பல காசுகளின் மையத்தில் தெரியும் சிறு குமிழ் அந்தக் கால் ஊன்றிய தடம். பிறகு குத்துளிகள், அதாவது தட்டி அச்சில் வடிவம் பதிக்கும் சிறு உளிகள்: ஒரு புள்ளி, ஒரு நேர்கோடு, ஒரு பிறை, ஒரு முக்கோண ஆப்பு, ஒரு சிறு வளையம். கிட்டத்தட்ட இவ்வளவுதான் கருவிப் பெட்டி. "பி" என்ற லத்தீன் எழுத்துக்கு ஒரு கோடும் ஒரு பிறையும். "ஓ"வுக்கு எதிரெதிராக இரண்டு பிறைகள். "ஈ"க்கு ஒரு கோடும் மூன்று ஆப்புகளும். எல்லாம் கண்ணாடி பிம்பமாகக் குத்தப்பட வேண்டும். வாசிக்கத் தெரியாத கைக்கு "எஸ்" மற்றும் "என்" திரும்பி விழுவது இயல்பு.

பறவையும் இந்தப் பெட்டியிலிருந்துதான் பிறந்தது. உடலுக்கு வளைவு, சிறகுக்கும் வாலுக்கும் கோடுகள், தலைமேல் கொண்டை. கழுகின் வளைந்த அலகையோ புறாவின் மென்மையையோ இந்தக் கருவிகளால் காட்ட முடியாது. ஆகவே அலகின் வடிவத்தை வைத்து நடக்கும் வாதங்களுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. கொண்டை வேறு விஷயம். பறவைக்கு அது தேவையில்லை என்றால் கைவினைஞர் அதற்காகத் தனியாகக் குத்தியிருக்க மாட்டார். வேண்டுமென்றே சேர்த்த உறுப்பு என்பதால்தான் மயில் என்ற கருத்து வலுப்பெறுகிறது. கிறிஸ்தவக் கலையில் மயில் அழிவின்மையின் அடையாளம். போலந்தின் தேசியக் கழுகை இதில் பார்ப்பது பின்னோக்கிய ஆசை. முடிசூடிய கழுகு அரசச் சின்னமாக நிலைபெறுவது 1295இல், இரண்டாம் ப்ஷெமிஸ்வின் முத்திரையில்.

ஹ்ரோப்ரி 1018இல் கீவ்மீது படையெடுத்தார். அதையொட்டி ஒரு தனிக் காசு வந்தது: ஒரு பக்கம் நேராகப் பார்க்கும் தலை, மறுபக்கம் கிழக்குத் திருச்சபையின் இரட்டைக் குறுக்குச் சிலுவை, இரு பக்கமும் சிரில் எழுத்தில் "போலெஸ்லாவ்". லத்தீன் திருச்சபையைச் சேர்ந்த மன்னர் கீவ் பகுதியின் ரூஸ் மக்களின் எழுத்தில் பேசுகிறார். அந்தக் காசு யாருடைய கைக்குப் போக வேண்டும் என்று நினைத்தார் என்பதற்கு எழுத்து வடிவமே விடை.

எண்ணிக் கொடுக்கும் காசு

இரண்டாம் மியெஷ்கோவுக்குப் பின் நாடு உள்கலகத்திலும் செக் படையெடுப்பிலும் சிதைந்தது; அரசு நாணயம் நின்றுபோனது. அதை மீட்டவர் இரண்டாம் போலெஸ்வாவ் (1058–1079). இவருடையது உண்மையான வெகுஜன வெளியீடு. காசு சிறுத்தது, எடை ஒரு கிராமுக்குக் கீழே வந்தது. இங்கே படம் காலத்தை நேரடியாகச் சொல்கிறது: தலையும் குதிரை வீரனும் உள்ள வகை, அவர் இன்னும் முடிசூடாத கோமகனாக இருந்த காலத்தது; முடிசூடிய தலையும் கும்மட்டங்கள் கொண்ட கட்டிடமும் உள்ள வகை, 1076இல் அரசராக முடிசூடிய பிறகு வந்தது. கிரீடம் ஒரு கோடும் சில புள்ளிகளும்தான் என்பதால், தேய்ந்த காசில் முதலில் தேட வேண்டியது மறுபக்கத்துக் குதிரையின் கால்களை.

அடுத்து வந்த வ்வாதிஸ்வாவ் ஹெர்மனின் (1079–1102) காசில் தலையும், மூன்று கோபுரக் கட்டிடமும், "க்ராகோவ்" என்ற ஊர்ப் பெயரும். அவருடைய தலைமை அதிகாரி ஷெச்செஹ் தன் பெயரிலேயே, "செதெஹ்" என்று பொறித்து, தன் குடும்பக் குறியோடு காசு அடித்தார். மன்னருக்கு மட்டுமே உரிய உரிமையை ஒரு பிரபு எடுத்துக்கொண்டார் என்பதை எந்த வரலாற்றேட்டையும்விட இந்தக் காசு அழுத்தமாகச் சொல்கிறது. சில ஆண்டுகளில் ஹெர்மனின் மகன்கள் ஷெச்செஹை நாட்டைவிட்டுத் துரத்தினார்கள்.

வெள்ளியும் இப்போது உள்நாட்டிலேயே கிடைத்தது. 1136ஆம் ஆண்டின் போப்பின் ஆணை ஒன்று மேல் சைலீசியாவின் பிட்டோம் அருகே வெள்ளி தோண்டுகிறவர்களைக் குறிப்பிடுகிறது. அதே பகுதியின் வோஷெனில் 2006இல் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுப் புதையலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட டெனார்களோடு வெள்ளிக் கட்டிகளும் தராசும் எடைக்கற்களும் சேர்ந்தே இருந்தன. உருக்குகிறவரின் சேமிப்பாகவே அதைக் கருதுகிறார்கள்.

மூன்றாம் போலெஸ்வாவ் (1102–1138) வெளியிட்ட பெரிய ஒருபக்கக் காசில், மண்டியிட்ட கோமகனைப் புனித வொய்சியெக் ஆசீர்வதிக்கிறார். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த காலம் அவருடைய மகன்களுடையது, 1138 முதல் 1173வரை. காசு அரை கிராமுக்கும் கீழே போய்விட்டது. படமோ திடீரென்று உயிர்பெறுகிறது. இரண்டாம் வ்வாதிஸ்வாவின் காசில் கழுகு முயலைப் பற்றுகிறது. நான்காம் போலெஸ்வாவின் காசில் இரண்டு கோமகன்கள் மேசையில் அமர்ந்திருக்கிறார்கள், நடுவே கிண்ணம். சகோதரர்கள் நாட்டைப் பங்கிட்டுக்கொண்ட அரசியல் அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. இந்தச் செழிப்புக்குக் கலை ஆர்வம் மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். பழைய காசைச் செல்லாததாக்கி, குறைத்த கணக்கில் புதியதை மாற்றிக் கொடுப்பது கோமகன்களின் வரி வசூலாக மாறியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சந்தையில் எது பழசு, எது புதுசு என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். எழுத்தால் அது முடியாது. கழுகும் முயலும் செய்யும்.

முதிய மியெஷ்கோ என்று அழைக்கப்படும் மூன்றாம் மியெஷ்கோ (இறப்பு 1202) இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய நாணய அதிகாரிகளின் கொடுமையை அக்கால வரலாற்றாசிரியர் கத்வூபெக் தன் வரலாற்றேட்டில் கடுமையாகக் குறை கூறுகிறார்; 1177இல் கிராக்கோவ் அவர் கையைவிட்டுப் போனது. அவருடைய காசுகள் ப்ராக்டியேட்டுகள்: காகிதம்போன்ற தகடு, ஒரே அச்சு, மறுபக்கம் அதே படத்தின் குழிவு. எடை 0.1 முதல் 0.2 கிராம். இவற்றுக்கு மேல் அச்சு தேவையில்லை. தகட்டின்மேல் தோலோ ஈயமோ போன்ற மென்மையான திண்டு வைத்து அடித்தால் போதும். அச்சு நீண்டநாள் உழைக்கும், வேலை வேகமாக நடக்கும். ஆண்டில் பலமுறை காசு மாற்ற நினைக்கிற அரசுக்கு இதைவிடத் தோதான முறை கிடையாது. பலவற்றில் எழுத்து எபிரேயம்: அக்கசாலையை நடத்திய யூதர்களின் கைவேலை. ஒன்றில் "மியெஷ்கோ, போலந்தின் அரசர்" என்பது போலந்து மொழிச் சொற்களாகவே எபிரேய எழுத்தில் இருக்கிறது. சிலவற்றில் "பிராஹா", அதாவது ஆசி. சிலவற்றில் நாணய அதிகாரிகளின் சொந்தப் பெயர்கள்.

கையில் எடுக்கும்போது

எடையை டெனாருக்கு 0.01 கிராம் துல்லியத்திலும், ப்ராக்டியேட்டுக்கு 0.001 கிராம் துல்லியத்திலும் குறியுங்கள். விளக்கை மேலிருந்து காட்டாமல் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டிய கோணத்தில் வைத்துக் காசை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் மறைந்த எழுத்து இன்னொன்றில் எழும். வாசகம் பெரும்பாலும் உச்சியிலுள்ள சிறு சிலுவையிலிருந்து தொடங்கும். எழுத்தை உடனே படிக்க முயலாமல், கோடு, பிறை, ஆப்பு என்று குத்துகளாக வரைந்துகொண்டால் ஊகம் குறையும்.

வளைந்த காசை நிமிர்த்தாதீர்கள். எஞ்சிய ஈயமும் செம்பும் நூற்றாண்டுகளில் வெள்ளியின் படிகங்களுக்கு இடையே பிரிந்து அதை உடையும் பொருளாக்கியிருக்கும். பற்பசை, சமையல் சோடா இரண்டும் பரப்பைச் சுரண்டும். சாம்பல் நிறத்தில் மெழுகுபோல் படிந்திருப்பது வெள்ளிக் குளோரைடு. அது காசின் பரப்பிலிருந்தே உருவானதால், தேய்த்து எடுத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். அதைத் தொடுவது பாதுகாப்பு வல்லுநரின் வேலை. பி.வி.சி. உறைகள் பச்சைப் பசையை விடும். ஓக் மரப் பெட்டியின் ஆவியும் நல்லதல்ல.

போலந்து மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கே சொந்தம். அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியோடு தேடுவது 2018இல் குற்றவியல் வழக்காக்கப்பட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பானையிலிருந்து பிரித்து விற்ற காசு தன் காலச் சான்றை இழந்துவிடுகிறது என்பதே எனக்குப் பெரிய வருத்தம்.

போலிகளும் பழையவை. 19ஆம் நூற்றாண்டில் வார்சாவா நாணயச்சாலையில் பணியாற்றிய யூசெஃப் மாய்னெர்ட் (1813–1879) பழைய போலந்துக் காசுகளைப் போலியாக அடித்தார். என்றும் இல்லாத வகைகளைக் கற்பனையாகவும் உருவாக்கினார். வார்ப்புப் போலியில் சிறு காற்றுக் குழிகளும் மழுங்கிய எழுத்தோரமும் விளிம்பில் அரத்தின் தடமும் இருக்கும். அடித்துச் செய்த போலியில் இவை கிடையாது. அங்கே எழுத்தின் முனைகளைப் பாருங்கள்: கூருளியால் செதுக்கிய கோடு தொடங்கும் இடத்தில் மெலிந்து நடுவில் தடிக்கும், குத்துளியால் குத்திய ஆப்பின் முனை சட்டென்று நிற்கும், அதே ஆப்பு அதே சிறு குறையோடு வாசகத்தின் மற்ற எழுத்துகளிலும் திரும்ப வரும். அந்தக் குறை எங்குமே திரும்ப வராத காசை, அறியப்பட்ட அச்சுகளின் படங்களோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை வாங்க வேண்டாம்.